குற்றவாளி பேட்டரி அல்ல

மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப்புகளும் அம்பாசிடர்களும் மழைக்காலத்தில் மக்கர் செய்யும்போது பழி பேட்டரியின் தலையில் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் வண்டிப்பெரியாரின் பழைய வண்டிகளுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. மே மாதம் வரை ஒழுங்காக ஓடிய ஜீப், ஜூனில் செல்ஃப் எடுக்க மறுக்கும். ஹெட்லைட்டைப் போட்டால் அகல் விளக்கு மாதிரி மஞ்சளாக எரியும். பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து கண் சிமிட்டும். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுகொண்டு மேலே போகலாமா, கீழே போகலாமா என்று யோசிக்கும்.

ஒர்க்ஷாப்பில் முதல் தீர்ப்பு அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: பேட்டரி போச்சு. புதுசு வாங்கிப் போடுகிறார்கள். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடுகிறது. பிறகு பழைய குருடி, கதவைத் திறடி. அடுத்த தீர்ப்பு: டைனமோ போச்சு. அதையும் கழற்றி மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தால், மூன்றாவது தீர்ப்பு வருகிறது: வண்டியே போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

மூன்றுமே தவறாக இருக்கலாம் என்பதுதான் விஷயம். பழைய காரின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி, மின்சாரத்தைத் தயாரிக்கும் கருவியிலோ பயன்படுத்தும் கருவியிலோ இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வழியில் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு போல்ட், களிம்பேறிய ஒரு ஒயர் முனை, தளர்ந்துபோன ஒரு கிளாம்ப். கைக்காசு செலவில் சரியாகிவிடும் சமாச்சாரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள் என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. மூடுபனியில் பிரேக் லைட் எரியாமல் மலையிறங்கும் ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

ஜீப்புகளின் ஊர்

இடுக்கி மாவட்டம் பீருமேடு தாலுகாவில், பெரியாற்றின் கரையில், கோட்டயத்தையும் குமுளியையும் இணைக்கும் கே.கே. ரோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் வண்டிப்பெரியார். அந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை எண் 183. நெடுஞ்சாலை வரை எந்தக் காரும் வரும். அதை விட்டு விலகித் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தால்தான் வண்டியின் யோக்கியதை தெரியும். லயங்களுக்குப் போகும் பாதைகளில் கல் துருத்திக்கொண்டிருக்கும், மழைநீர் குறுக்கே ஓடும். வல்லக்கடவு, சத்திரம் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை.

இந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ள மதுரை, திருநெல்வேலி, தேனிப் பக்கங்களிலிருந்து மலையேறிய குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கேயே இருக்கின்றன. அவர்களுக்கு ஜீப் என்பது ஆடம்பர வாகனம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது அதுதான், அரிசி மூட்டை வருவது அதில்தான், நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸும் அதுதான். பீருமேடு தாலுகா ஆஸ்பத்திரியில் முடியாத கேஸ் என்றால், ஒரு பக்கம் மலையிறங்கிக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் குமுளி வழியாக இறங்கித் தேனி மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் கொண்டை ஊசி வளைவுகள், மழை, மூடுபனி.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கும் வேலையை மஹிந்திரா 1940களின் இறுதியில் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த எம்.எம். 540, மேஜர், கமாண்டர் போன்ற வண்டிகள் மலைநாட்டில் இன்றும் உழைக்கின்றன. அவற்றுக்குத் துணையாக, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் வார்த்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர். அதன் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றுபோனது. கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்கள் பளபளவென்று நிற்கின்றன. மலையில் இருப்பவை நிற்பதில்லை, ஓடுகின்றன. அதனால்தான் அவற்றின் கோளாறுகளுக்கு அவசரம் அதிகம்.

மலை மறைக்கும் நோய்

சமவெளியில் செல்ஃப் எடுக்காத வண்டி வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். உரிமையாளர் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடியாக வேண்டும். மலையில் அப்படியில்லை. இரவில் வண்டியைச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் கல்லை எடுத்து, இரண்டாவது கியரில் உருட்டிவிட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டார் இருக்கிறதா செத்துவிட்டதா என்று மாதக்கணக்கில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு திரை டீசல். பெட்ரோல் அம்பாசிடரில் பேட்டரியும் டைனமோவும் கைவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் பொறி வராது, வண்டி நின்றுவிடும். பழைய டீசல் ஜீப்பின் கதை வேறு. ஒருமுறை இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரமே தேவையில்லை. டீசல் பம்ப் இன்ஜினின் சுழற்சியிலேயே ஓடுகிறது. நிறுத்துவதற்கும் ஒரு கேபிளை இழுத்தால் போதும். சார்ஜ் ஏறுவது நின்றுபோய் ஒரு வாரம் ஆனாலும் பகலில் ஓட்டுபவருக்குத் தெரியாது.

இப்படி, சரிவு செல்ஃப் கோளாறை மறைக்கிறது. டீசல் சார்ஜிங் கோளாறை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்து வெளியே வருவது எப்போது? மழையும் இருட்டும் ஒன்றாக வரும் இரவில். ஹெட்லைட், வைப்பர், பிரேக் லைட், ஹாரன் நான்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். அப்போதுதான் கொடுக்க எதுவும் இல்லை என்று தெரியும். ஓடுகிற வண்டியெல்லாம் ஒழுங்கான வண்டி இல்லை என்பதை மலையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளும் நேரம் அதுவாக இருக்கக்கூடாது.

வழியில் தொலையும் வோல்ட்

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்ப் ஒன்று 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. பல்புக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ துருவினால் வெறும் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பல்புக்குக் கிடைப்பது சுமார் 10 வோல்ட்தான். இரண்டு வோல்ட்தானே குறைந்தது என்று நினைக்கலாம். ஆனால் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாகக் குறையும் குணம் கொண்டது. இரண்டு வோல்ட் போனால் ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும். புது பேட்டரி போட்டாலும் அந்த அரை ஓம் அங்கேயேதான் இருக்கும்.

செல்ஃப் மோட்டார் இன்னும் பெரிய பசிக்காரன். குளிர்ந்த இன்ஜினைச் சுற்ற 200 ஆம்பியர் வரை கேட்கும். அங்கே ஓம் கணக்கில் தடை தேவையில்லை. நூறில் ஒரு பங்கு ஓம் இருந்தாலே 2 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி அந்த வேலையைத் தாராளமாகச் செய்யும்.

மழைநாட்டில் இது இன்னும் மோசம். ஒயரின் முனை வழியாகத் தண்ணீர் புகுந்தால், செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து உள்ளே போகிறது. மேலே பிளாஸ்டிக் உறை புத்தம்புதிதாகத் தெரியும். உள்ளே செம்பு கறுத்தோ களிம்பேறியோ இருக்கும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில், முல்லைப் பெரியாறு அணையின் ஷட்டர்கள் திறக்கப்பட்டபோது வண்டிப்பெரியாரின் ஆற்றோரப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டி எதுவாயினும், கழுவிக் காயவைத்து ஓட்டியதோடு கதை முடிவதில்லை. கனெக்டருக்குள் தங்கிய ஈரமும் சேறும் பல மாதங்கள் கழித்துத் தங்கள் வேலையைக் காட்டும்.

எர்த் எனும் மறுபாதி

வீட்டு மின்சாரத்துக்குப் போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர். காரில் திரும்பும் ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே அந்த வேலையைச் செய்கிறது. மெக்கானிக்குகள் 'எர்த்' என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் சரிபாதி இந்த எர்த். ஆனால் சோதிக்கும்போது பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய வண்டியில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் தடித்த பட்டை. இரண்டாவது, பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பட்டை. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் இந்தப் பட்டை. மூன்றாவது, ஒவ்வொரு விளக்கும் பாடியைத் தொடும் இடம். பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தையும் விடாமல் அழகாகப் பூசியிருந்தால் விளக்கு எரியாது.

இரண்டாவது பட்டை அறுந்துபோனால் நடப்பது வேடிக்கையும் ஆபத்தும் கலந்தது. செல்ஃப் போடும்போது 200 ஆம்பியர் திரும்பி வர வழியில்லாமல் கிடைத்த சந்தில் புகுந்து வரும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், டீசலை நிறுத்தும் கேபிள் எல்லாம் அதற்கு வழிதான். கேபிள் சுடுகிறது, உறை உருகுகிறது, சில சமயம் புகைகிறது. ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது என்று புதுப்புதுக் கேபிளாக மாற்றுபவர்கள், இன்ஜின் எர்த் பட்டையை ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவதும் எர்த் கோளாறின் கையெழுத்துதான். பின்விளக்குப் பெட்டியின் எர்த் கெட்டுப்போனால், பிரேக் பல்பின் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். ஒன்றை எரியவிட்டால் இன்னொன்று மங்கலாக எரிவதைப் பார்த்தால், ஸ்விட்சைக் கழற்றுவதற்கு முன் விளக்குப் பெட்டியின் திருகை உப்புத்தாளால் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அவர் வந்தவுடன் ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் கேட்கிறார்: எது வேலை செய்கிறது? ஹாரன் அடிக்கிறதா? லைட் எரிகிறதா? எப்போது முதல் இப்படி? அதற்கு முன்பு யாராவது எதையாவது புதிதாக மாட்டினார்களா? பாதிக் கோளாறு இந்தக் கேள்விகளிலேயே பிடிபட்டுவிடும்.

பிறகு கண்ணும் மூக்கும் கையும். நிறம் மாறிய ஒயர், கருகிய வாசனை, தொட்டால் சுடும் இணைப்பு. இன்ஜின் ஓடும்போது ஒயர்க்கட்டை லேசாக ஆட்டினால் விளக்கு மினுக்குகிறது என்றால் லூஸ் காண்டாக்ட் அங்கேதான்.

செல்ஃப் எடுக்கவில்லையா? மீட்டர் கூட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அழுத்த வேண்டும். லைட் அடியோடு அணைந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியில்லை. லைட் கொஞ்சமும் மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போகவே இல்லை. ஸ்விட்ச், சாலினாய்டு, ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். நன்றாக மங்கி, மோட்டாரும் முனகினால் மோட்டார் சிக்கியிருக்கலாம் அல்லது பேட்டரி பலவீனம்.

அடுத்தது மல்டிமீட்டர். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவது பெரிய விஷயமில்லை. சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். விழாமலிருந்தும் மோட்டார் சோம்பினால் வழியைச் சந்தேகிக்க வேண்டும்.

வழியைச் சோதிப்பதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பலர் செய்யாமல் விடுவதும் அதுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்து, மறுமுனையை இன்ஜின் இரும்பில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் போடச் சொல்ல வேண்டும். நல்ல வண்டியில் மீட்டர் கிட்டத்தட்ட அசையாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வோல்ட் எர்த் வழியில் தொலைகிறது என்று அர்த்தம். இதேபோல் ஹெட்லைட் எரியும்போது அதன் எர்த் திருகுக்கும் பேட்டரி எர்த்துக்கும் இடையே பார்க்கலாம். ஓம் மீட்டரில் ஒயரைச் சோதித்துத் தொடர்ச்சி இருக்கிறது என்று திருப்திப்படுவது போதாது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் 'நலம்' என்றுதான் சொல்லும். சுமை ஏறும்போதுதான் அந்த இழையின் குட்டு வெளிப்படும்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி காலியாகக் கிடந்தால் கசிவைத் தேட வேண்டும். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றி, நடுவே ஒரு சிறு 12 வோல்ட் பல்பை இணைத்துப் பார்க்கலாம். எலக்ட்ரானிக் சாமான் எதுவும் இல்லாத பழைய வண்டியில் அது எரியவே கூடாது. எரிந்தால், ஃப்யூஸ்களையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வர வேண்டும். எதைப் பிடுங்கும்போது பல்ப் அணைகிறதோ, அதுதான் திருடன். அரை ஆம்பியர் கசிவு ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். 50 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது நாலு நாள் சாப்பாடு. ஒரு எச்சரிக்கை: கிளாம்பைக் கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

டைனமோவுக்கு நியாயமான விசாரணை

பழைய வண்டிகளில் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. பின்னால் வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். இரண்டின் குணமும் வேறு. டைனமோ, இன்ஜின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. கட்-அவுட் அதைப் பேட்டரியிலிருந்து துண்டித்துவிடும். ஆகவே ஐடிலிங்கில் லைட் மங்குவதும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிரகாசமாவதும் டைனமோ வண்டியின் இயல்பு. அதை நோய் என்று நினைத்து வைத்தியம் செய்யத் தேவையில்லை. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படி மங்கினால்தான் விசாரிக்க வேண்டும்.

டைனமோ செத்துவிட்டதா என்பதை அதைக் கழற்றாமலே சொல்லலாம். பழைய லூகாஸ் டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனைகள் இருக்கும். முதலில் பெல்ட் தளராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு ஒயர்களையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்து இன்ஜினை மெல்ல வேகப்படுத்த வேண்டும். முள் சீராக ஏறினால் டைனமோ நிரபராதி. 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது, இன்ஜினை உறும விடவும் கூடாது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அரை முதல் ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். டைனமோ நிரபராதி என்று தெரிந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், கட்-அவுட் பெட்டி, அதன் எர்த், நடுவிலுள்ள ஒயர்கள் என்று விசாரணை நகர வேண்டும். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் டைனமோவை மாற்றுவது, சாட்சியைக் கேட்காமல் தண்டனை கொடுப்பது போல.

இருளின் இளவரசன்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய் விளக்கு விற்றுத் தொழில் தொடங்கியவர் ஜோசப் லூகாஸ். அவர் பெயரிலான கம்பெனி பிரிட்டிஷ் கார்களுக்கெல்லாம் மின்சாதனங்கள் கொடுத்தது. பழைய கார் பிரியர்கள் அவருக்குச் சூட்டிய கேலிப்பெயர் 'இருளின் இளவரசன்'. தமிழ்நாட்டுக்கும் இந்தப் பெயர் அந்நியமில்லை. 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தோடு கைகோத்து உருவான லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னைப் பாடியில் தொழிற்சாலை வைத்து இந்திய வண்டிகளுக்கு செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தந்தது.

அந்தக் கேலியில் நியாயம் பாதிதான். முப்பது நாற்பது வருடம் மழையில் நனைந்த இணைப்புக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்க முடியாது. மாறாக, லூகாஸ் முறையில் கோளாறு தேடுபவருக்கு ஒரு பெரிய உதவி உண்டு: ஒயரின் நிறம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, சாவியோடு ஃப்யூஸும் கடந்து வருவது. ஊதா, ஃப்யூஸ் வழியாக எப்போதும் உயிருள்ளது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கு, கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்தவருக்குப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டியின் ஒயர்க்கட்டு, பெயர்ப்பலகை வைத்த தெரு மாதிரி. பிரச்சினை என்னவென்றால், நடுவில் கைவைத்தவர்கள் கையில் கிடைத்த நிறத்தில் ஒயரை ஒட்டியிருப்பார்கள். பழுப்பு என்று பிடித்துப் போனால் பாதி வழியில் மஞ்சளாகி, மஞ்சள் மறுபடி சிவப்பாகும்.

இன்னொரு பொறியும் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அப்படிப்பட்ட வண்டியில் பழக்கதோஷத்தால் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் பல்ப் எரியும், ஹாரன் அடிக்கும். ஆனால் சார்ஜிங் குழம்பிவிடும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் தலைகீழாக மாட்டினால் டயோடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகும். பழைய வண்டியில் கைவைக்கும் முன் எந்த முனை எர்த் என்று பார்ப்பது முதல் பாடம்.

கைவைத்தியத்தின் விலை

கோளாறைத் தேடாமல் அறிகுறியை அடக்குவதுதான் பழைய வண்டிகளைத் தின்னும் உண்மையான நோய். ஹெட்லைட் மங்கலா? 100 வாட் ஹாலஜன் போடு என்பார்கள். பழைய 45 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 7.5 ஆம்பியர்தான் இழுத்தன. 100 வாட் இரண்டு போட்டால் ஏறக்குறைய 17 ஆம்பியர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி-40 டைனமோ ஒன்றின் உச்சபட்ச உற்பத்தியே 22 ஆம்பியர். மீதமுள்ள ஐந்து ஆம்பியரில் வைப்பரும் பின்விளக்கும் இக்னிஷனும் குடும்பம் நடத்த வேண்டும். இவ்வளவு மின்சாரமும் டாஷ்போர்டில் உள்ள பழைய ஸ்விட்ச் வழியாகப் போகும்போது ஸ்விட்ச் உருகுகிறது. எர்த்தைச் சுத்தம் செய்து, ஒரு ரிலே வைத்து, அளவான பல்பையே போட்டால் பழைய விளக்கே போதிய வெளிச்சம் தரும்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்று என்பது நாடறிந்த வைத்தியம். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்கள்தான். ஹெட்லைட் சுற்றுக்கு ஃப்யூஸே கிடையாது. இருக்கிற இரண்டையும் ஜிகினாத் தாளால் கட்டிப்போட்டால், ஷார்ட் ஏற்படும்போது உருகவேண்டியது ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயராகிவிடும். ஒயர்க்கட்டு பெரும்பாலும் டாஷ்போர்டுக்குப் பின்னே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் ஓடுகிறது. ஃப்யூஸ் போவது கோளாறு இல்லை. கோளாறு இருக்கிறது என்ற தகவல்.

நவீன எல்.இ.டி. பல்பும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது அல்ல. பழைய இண்டிகேட்டர் ஃப்ளாஷர், பல்ப் இழுக்கும் மின்சாரத்தில் சூடாகித்தான் விட்டுவிட்டு எரியவைக்கிறது. எல்.இ.டி. சொற்பமாக இழுப்பதால் ஃப்ளாஷருக்குச் சூடு பற்றாது. இண்டிகேட்டர் மினுக்காமல் நிற்கும். அங்கே பல்போடு ஃப்ளாஷரையும் மாற்ற வேண்டும்.

சட்டமும் சாமானும்

பழைய வண்டி வைத்திருப்பது மேலும் மேலும் செலவாகிக்கொண்டு வருகிறது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021இல் மத்திய அரசு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கொண்டுவந்தது. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கொழுந்து மூட்டையும் நோயாளியும் ஏற்றும் மலை ஜீப்புக்கு அது பொருந்தாது. அது சாதாரண வண்டியாகவே சோதனையில் தேறியாக வேண்டும். சோதிப்பவர் முதலில் பார்ப்பவற்றில் விளக்குகளும் உண்டு.

சாமான் விஷயம் இதைவிடச் சிக்கல். அம்பாசிடர் தயாரிப்பு நின்று பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தேடினால் பழைய டைனமோவும் கட்-அவுட்டும் கிடைக்கலாம். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. நல்ல டைனமோவைச் சந்தேகத்தின் பேரில் கழற்றி எடைக்குப் போடும் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒன்று குறைகிறது. அதன் இடத்தில் வருவது பல சமயம் அதைவிட மோசமான சரக்கு.

கைத்திறனும் அதே வழியில் போகிறது. இன்றைய காரில் கம்ப்யூட்டரைச் செருகினால் அதுவே கோளாறின் எண்ணைச் சொல்லிவிடும். அதில் பழகிய இளைஞருக்குப் பழைய ஜீப் ஊமைப் பிள்ளை மாதிரி. எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. டெஸ்ட் லேம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு, சுற்றைப் பாதிபாதியாகப் பிரித்து, மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடும் முறை புத்தகத்தில் படிப்பதைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பழகும். அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பழைய வண்டியின் மின்சாரம், ஆர்வமுள்ள யாரும் புரிந்துகொள்ளக் கூடிய அளவுக்கு எளிமையானது. எடவப்பாதிக்கு முன், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். பேட்டரி முனைகளை வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவலாம். மூன்று எர்த் இடங்களையும் கழற்றி இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துத் திரும்ப மாட்டலாம். ஒவ்வொரு பல்ப் ஹோல்டரையும் சுரண்டலாம். ஃப்யூஸ் இடத்தில் ஃப்யூஸ்தான் இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாக, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும்.

வண்டிக்குள் இருப்பவருக்குத் தன் பிரேக் லைட் எரிகிறதா என்று தெரியாது. பின்னால் வருபவருக்கு, எரியாவிட்டால், தெரிந்துகொள்ள நேரம் இருக்காது.